தாய்மாமன் கையெழுத்து

உக்காருங்கண்ணே, சீட்டு காலிதான். பையைக் காலுக்கடியில வச்சுக்கங்க. தேனிக்கா? நாங்க ஆண்டிபட்டி. நாங்கன்னா மூணு பேரு. ரெண்டு சீட்டு முன்னாடி நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வெறைப்பா உக்காந்திருக்காரு பாருங்க, அவரு எங்கூடத்தான் வந்தாரு. ஆனா எங்கூட உக்கார மாட்டாரு. நானும் அவர் பக்கத்துல போயி உக்கார மாட்டேன். ஜன்னலோரமா தூங்குதே பச்சைச் சுடிதாரு, அது அவரு மக. எனக்குத் தங்கச்சி மக. நிவேதிகான்னு பேரு. பிளஸ் ஒன் படிக்குது.

நீங்க செக்கானூரணியில ஏறுறதுக்கு முன்னாடி இங்க ஒரு கூத்து நடந்துச்சு. கண்டக்டரு வந்தாரு. அவரு ரெண்டு டிக்கெட்டு எடுத்தாரு, தனக்கும் மகளுக்கும். கண்டக்டரு அப்படியே பின்னாடி வந்தாரு, நானும் ரெண்டு எடுத்தேன், எனக்கும் புள்ளைக்கும். கிழிச்சுக் குடுத்தபெறகு கண்டக்டரு எண்ணிப் பார்த்துட்டு, "ஏங்க, ஒரு புள்ளைக்கு ரெண்டு டிக்கெட்டா? உங்களுக்குள்ள பேசிக்கிட்டு எடுக்க மாட்டீகளா?"ன்னு சத்தம் போடுறாரு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாதுன்னு அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?

மூணு வருசமாச்சு. என்ன காரணம்னு கேட்டா நீங்க சிரிப்பீக. சிரிக்கிற விசயம் இல்லை. புள்ளை பெரிய மனுசி ஆனா. தாய்மாமன் நான்தானே சீர் கொண்டாரணும்? தட்டு தட்டா அடுக்கி, மினி லாரியில ஏத்தி, மேளத்தோட போயி எறங்குறேன். மொக்கராசு பந்தல் ஸ்டோருன்னா ஆண்டிபட்டியில தெரியாத ஆளு கிடையாது, நம்ம கடைதான். பந்தலு, சேரு, சீரியல் லைட்டு எல்லாம் நம்மளது, புள்ளைக்குன்னு சும்மா போட்டது. எறங்கி நிமுந்து பார்க்கிறேன், வாசல்ல ஃபிளெக்ஸ் போர்டு. அவரு தம்பி போட்டோ கதவு அகலத்துக்கு இருக்கு. எம் போட்டோ ஓரத்துல, ரேசன் கார்டுல இருக்குமே அந்தச் சைசுக்கு. அதுலயும் பாதி மூஞ்சியை வாழை மரம் மறைச்சுக்கிட்டு நிக்குது. நீங்களே சொல்லுங்க, எந்த மாமன் பொறுப்பான்?

நான் ஒரு வார்த்தை பேசலை. எஞ் சேரை மட்டும் எடுத்தேன். பந்தியில கெடந்த காலிச் சேரைத்தான் எடுத்தேன். அவரு என்னமோ சாப்பிட்டுக்கிட்டிருந்தவுகளை எழுப்பிவிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியுறாரு. ரெண்டே ரெண்டு பேரைத்தான் எந்திரிக்கச் சொன்னேன். ஒருத்தர் பாயசத்துக்கு வந்துட்டாரு.

அன்னையில இருந்து பேச்சு இல்லை. ஆனா அவரு வீடு ரோட்டுக்கு அங்கிட்டு, எங் கடை இங்கிட்டு. எதுத்தாப்ல இருந்துக்கிட்டு எப்படிப் பேசாம இருக்கிறது? ஆயிரம் சோலி வரும். அதுக்குத்தான் புள்ளை இருக்கே. "எங்க வாசல்ல கெடக்குற மூங்கிலை எடுக்கச் சொல்லு உங்க மாமனை"ம்பாரு. புள்ளை வந்து சொல்லும். "ஒங்கப்பன் ஸ்கூட்டரு எங் கடை நெழல்ல நிக்குது, அதைக் கேளு மொதல்ல"ம்பேன். புள்ளை போயிச் சொல்லும். பாடஞ் சொல்ற மாதிரி அம்புட்டு பதவிசா சொல்லும். ஒரு சண்டை சச்சரவு கிடையாது இந்த மூணு வருசத்துல. அம்புட்டு நிம்மதியா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அப்படி இருக்கையிலதான் ஒரு நா சாயங்காலம் கடைக்கு வந்தா. எப்பவும் வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போயிருவா. அன்னைக்கு உள்ள வந்து, அடுக்கி வச்ச சேருக்குப் பின்னாடி போயித் தரையில உக்காந்துக்கிட்டா. ஆளே பாதியாப் போயிருந்தா. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. பசி போலன்னு பரோட்டா வாங்கியாரச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரிக்கக் கூட இல்லை. "மாமா, எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. இப்படியே போனா நான் என்னையே ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயமா இருக்கு மாமா. என்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ"ன்னா.

பெறந்த அன்னைக்குத் துணியில சுத்தி மொதல்ல எங்கையிலதான் குடுத்தாக. அந்தப் புள்ளை வந்து இப்படிச் சொல்லுது.

அவளுக பள்ளிக்கூடத்துக்கு ஒரு அம்மா வந்து, ஒடம்புக்குப் போல மனசுக்கும் டாக்டரு இருக்காகன்னு பேசிட்டுப் போயிருக்காக. இவ அப்பன்கிட்டப் போயிச் சொல்லியிருக்கா. அவரு கணக்கு வாத்தியாரு, பேரு தவமணி. "பரீட்சைக்கு முன்னாடி எல்லாருக்கும் வர்றதுதான். படுக்குறதுக்கு முன்னாடி பத்து கணக்குப் போடு, தன்னால தூக்கம் வரும்"னுட்டாரு. ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கா. எந் தங்கச்சி பாண்டீஸ்வரி உடனே வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போயிட்டா. கணக்கும் போட்டாச்சு, வேப்பிலையும் அடிச்சாச்சு. பெறகு யாருகிட்ட வருவா? தாய்மாமன்கிட்டத்தான் வருவா.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அவர்கிட்டச் சொல்லலை. எப்படிச் சொல்றது? பேச்சுத்தான் இல்லையே.

டாக்டரு ஒரு பொம்பளைப் புள்ளை. நம்ம மக வயசு இருக்கும். நல்லா மரியாதையா உக்கார வச்சுப் பேசினாக. "நீங்க அப்பாவா?"ன்னு கேட்டாக. "அதுக்கும் மேலம்மா, தாய்மாமன்"னேன். புள்ளைகிட்டத் தனியாக் கொஞ்ச நேரம் பேசிட்டு என்னையக் கூப்பிட்டாக. "இது கட்டாயம் பார்க்க வேண்டிய விசயம்ங்க, தள்ளிப்போடக் கூடாது. ஆனா பதினெட்டு வயசு ஆகலை. வைத்தியம் ஆரம்பிக்கணும்னா அப்பாவோ அம்மாவோ வந்து சம்மதம்னு கையெழுத்துப் போடணும். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க"ன்னாக.

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. "அம்மா, இவளுக்கு மொட்டை அடிச்சது எம் மடியில. காது குத்துனது எம் மடியில. பெரிய மனுசி ஆனப்ப ஓலை வெட்டிக் குடிசை கட்டுனது நானு. நாளைக்குக் கல்யாணம்னாலும் நான் மாலை எடுத்துக் குடுக்காம தாலி ஏறாது. அதுக்கெல்லாம் நான் வேணும், ஒரு மாத்திரை எழுதுறதுக்கு நான் ஆகாதா?"ன்னேன். "நீங்க சொல்றதெல்லாம் சரிங்க, ஆனா சட்டத்துல அப்படி இல்லை"ன்னு அந்தப் புள்ளை பொறுமையாச் சொல்லுது. எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கிப்போச்சுண்ணே. இந்தச் சட்டத்தை எழுதுன ஆளு எவனும் அக்கா தங்கச்சியோட பொறக்கலை.

நான் விடலையே. அடுத்த வாரம் காதுகுத்து ஆல்பத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போனேன். நல்ல கனமான ஆல்பம், ஓரத்துல ஜிகினா ஒட்டுனது. மேசை மேல விரிச்சு வச்சு, "பாருங்கம்மா, யாரு மடியில உக்காந்திருக்கான்னு நல்லாப் பாருங்க"ன்னேன். அந்த டாக்டருப் புள்ளையும் ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பார்த்துச்சு. வாழை மரத் தோரணம் நல்லா இருக்குன்னுச்சு. நிவேதிகா அழுகுற போட்டோவைப் பார்த்துச் சிரிச்சுச்சு. எல்லாத்தையும் பார்த்து மூடி வச்சுட்டு, "அப்பாவைக் கூட்டிட்டு வாங்க"ன்னுருச்சு. கல்லு மனசு.

தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேங்கிறீகளா? அவ புருசனைக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டா. கேட்டா அவரு விட மாட்டாரு. ஆக, சுத்திச் சுத்தி அந்த மனுசன்கிட்டத்தான் வந்து நிக்குது.

சரி, புள்ளை காரியம்னு நானே எறங்கி வந்தேன். புள்ளையைக் கூப்பிட்டு, "ஒங்கப்பன்கிட்டச் சொல்லு, ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போடணுமாம்"னு சொல்லி அனுப்புனேன். போனா. திரும்பி வந்தா. "உங்களை யாரு கூட்டிட்டுப் போகச் சொன்னதுன்னு கேக்குறாரு மாமா"ன்னா. "பெத்தவன் பார்த்திருந்தா நான் ஏன் பார்க்கப் போறேன்னு கேளு"ன்னேன். போனா. வந்தா. "எம் மகளைப் பைத்தியம்னு ஊருக்குக் காட்டவான்னு கேக்குறாரு." "கணக்கு வாத்தியாருக்கு எல்லாம் கணக்குத்தானான்னு கேளு." போனா. இப்படியே அங்கிட்டும் இங்கிட்டுமா நடந்துக்கிட்டே இருந்தா. சாயங்கால நேரம், கடையில ஆளு நிக்குது, நானும் கவனிக்கலை. பார்த்தா, நடு ரோட்டுல உக்காந்திருக்காண்ணே.

நடு ரோட்டுல. சம்மணம் போட்டு. அங்கிட்டும் வரலை, இங்கிட்டும் வரலை. மினி பஸ்ஸு வந்து நிக்குது, ஆரன் அடிக்கிறான், அவ அசையலை. நான் கடையில இருந்து ஓடுறேன், அவரு வீட்டுல இருந்து ஓடி வர்றாரு. நான் ஒரு கையைப் புடிக்கிறேன், அவரு ஒரு கையைப் புடிக்கிறாரு. "எந்திரிம்மா"ங்கிறேன். "எந்திரி"ங்கிறாரு. அவ எங்க மூஞ்சியப் பார்க்கவே இல்லை. "நான் எங்கிட்டும் போகலை"ன்னா. அம்புட்டுத்தான். சத்தம் போடலை, அழுகலை. டிரைவரு எறங்கி வந்தவன் மறுபடி ஏறி உக்காந்துக்கிட்டான். பெறகு ரெண்டு பேருமாத் தூக்கித்தான் ஓரத்துக்குக் கொண்டாந்தோம்.

பாவம், நடந்து நடந்து காலு வலிச்சிருக்கும். நான் அன்னைக்கே ஒரு சைக்கிளு சொல்லி வச்சுட்டேன், லேடீஸ் சைக்கிளு, கூடை வச்சது.

அன்னைக்குத்தான் அவரும் அசைஞ்சாரு. ஊரே பார்த்துருச்சுல்ல. மறுநா காலையில வெள்ளனா பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறாரு. நான் ஒரு தூணு பக்கம், அவரு ஒரு தூணு பக்கம், நடுவுல புள்ளை.

அந்த மறுநா இன்னைக்குத்தான். இப்பத்தான் பார்த்துட்டு வர்றோம். டாக்டரம்மா எங்க மூணு பேரையும் ஒண்ணா உள்ள கூப்பிட்டாக. உக்காந்ததும் அவரு ஆரம்பிச்சுட்டாரு. "டாக்டர், என் பொண்ணை என்கிட்டக் கேக்காம இங்க கூட்டிட்டு வந்தது தப்புன்னு அவர்கிட்டச் சொல்லுங்க." அந்தம்மா எம் பக்கம் திரும்பி, "கேக்காமக் கூட்டிட்டு வந்தது தப்புங்கிறாரு"ன்னாக. "கேக்குற மாதிரி அவரு இருந்தாரான்னு கேளுங்கம்மா"ன்னேன். அங்கிட்டுத் திரும்பி, "கேக்குற மாதிரி நீங்க இருந்தீங்களான்னு கேக்குறாரு"ன்னாக. "பந்தியில சேரை உருவுற ஆளுகிட்ட எனக்கு என்ன பேச்சுன்னு கேளுங்க." "சேரை..." அந்தம்மாவுக்குச் சேரு கதை தெரியாதுல்ல, தடுமாறுறாக. "காலிச் சேருன்னு சொல்லுங்கம்மா"ங்கிறேன். "அது காலிச் சேராம்"ங்கிறாக. "பாயசத்துல இருந்தாரு எங்க ஹெட்மாஸ்டர்னு சொல்லுங்க"ங்கிறாரு. மூணு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் தெரியுது அது ஹெட்மாஸ்டருன்னு.

கொஞ்ச நேரம் இப்படி இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பிக்கிட்டே இருந்தவுக, டக்குன்னு பேனாவைக் கீழ வச்சுட்டாக. கழுத்தைத் தடவிக்கிட்டே புள்ளையைப் பார்த்து, "வீட்டுலயும் இப்படித்தானாம்மா?"ன்னாக.

புள்ளை சிரிச்சாண்ணே. எம்புட்டு மாசத்துக்கப்புறம் சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே அழுக ஆரம்பிச்சுட்டா. அழுதுக்கிட்டே சொல்றா: "இவங்க சொல்றதை அப்படியே சொன்னா வெட்டுக்குத்து ஆயிரும் டாக்டர். அதனால நான் மாத்தித்தான் சொல்வேன். ராத்திரி படுத்துக்கிட்டு, அப்பா சொன்னதை மாமாகிட்ட எப்படிச் சொல்றது, மாமா சொன்னதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். முன்னாடி யாருக்கு என்ன பொய் சொன்னேன்னு ஞாபகம் வச்சுக்கணும். ஒண்ணு மாறிச்சுன்னாலும் மாட்டிக்குவேன். விடிஞ்சுரும்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. மூணு வருசமா அந்த மனுசன் என்னைய என்ன திட்டுனாருன்னே எனக்குத் தெரியலை பாருங்க. என்ன அநியாயம் இது. ஒரு வார்த்தை கூட ஒழுங்கா வந்து சேரலை.

அதை விடுங்க. போன தீவாளிக்கு எங்க வீட்டு முறுக்கைக் குடுத்து விட்டேன், புள்ளைக்குன்னு. மறுநா வந்து, "அப்பா நல்லா இருக்குன்னு சொன்னாரு மாமா, ரெண்டாந்தடவை எடுத்துச் சாப்பிட்டாரு"ன்னா. நான் அதைப் பொண்டாட்டிகிட்டச் சொல்லி, அவ அதை அவ ஆத்தா வீட்டுல சொல்லி, எம்புட்டு சந்தோசமா இருந்தோம். இன்னைக்கு வாயை அடக்க முடியாமக் கேட்டுட்டேன். "பாப்பா, அந்த முறுக்கு?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவரு தொடவே இல்லையாம்.

அவரு சும்மா இருந்தாரா? அவரும் கேக்குறாரு. "அப்ப, நான் பாடம் எடுத்தா மண்டைக்குள்ள இறங்கும்னு மாமா சொன்னதா ஒரு தடவை சொன்னியே?" புள்ளை அதுக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவரு மூஞ்சி விழுந்து போச்சு. நான் எங்க அப்படிச் சொன்னேன்? அவரு பாடம் எடுத்தா பெஞ்சுக்கே தூக்கம் வரும்னு சொல்லியிருப்பேன். ஆனா அந்த மூஞ்சியைப் பார்த்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுண்ணே. சொல்லித்தான் இருக்கலாமேன்னு தோணுச்சு.

அப்புறம் டாக்டரம்மா சொன்னாக. "பத்து நிமிசம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்தேன், எனக்கே தலை விண்விண்ணுங்குது. இவ மூணு வருசமா உக்காந்திருக்கா. இவளுக்கு வைத்தியம் வேணும், வாரா வாரம் வந்து என்கிட்டப் பேசணும், மாத்திரையும் கொஞ்ச நாளைக்கு வேணும். அதுக்குத்தான் சம்மதம் கேக்குறேன். ஆனா இன்னொண்ணும் வேணும். இனிமே ஒரு சொல்லு கூட இவ மூலமாப் போகக் கூடாது."

பொறுமை இல்லாத டாக்டரு. பத்து நிமிசத்துக்கே தலைவலிங்கிறாக. இருந்தாலும் சரிம்மான்னுட்டேன்.

அவரு கையெழுத்துப் போட்டாரு. வாத்தியாருல்ல, முழுப் பேரையும் போட்டுக் கீழ தேதியும் போட்டாரு. "நல்லாயிருவாளா?"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. அவரு யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "இவளே தைரியமா வந்து கேட்டிருக்கா, நல்லாயிருவா"ன்னாக.

நான் நகரலை. "எனக்கு எங்கம்மா எடம்?"ன்னேன். அந்த டாக்டருப் புள்ளை சிரிச்சுக்கிட்டு, கீழ ஒரு மூலையில "உடன் வந்தவர்"னு இருந்த எடத்தைக் காட்டுச்சு. போட்டேன். மொ. மொக்கராசு, தாய்மாமன்னு போட்டேன். எடம் பத்தலை, கோட்டுக்கு வெளியிலயும் கொஞ்சம் போச்சு.

பஸ்ஸு ஏறுனதுமே புள்ளை தூங்கிட்டா. மாத்திரை இன்னும் போடக் கூட இல்லை, அது ராத்திரிக்குத்தான். சொல்லிக்குடுத்த வார்த்தையெல்லாம் எறக்கி வச்ச மாதிரி, உக்காந்ததும் அவரு தோள்ல சாஞ்சவதான். உசிலம்பட்டியில பஸ்ஸு நின்னு, வெள்ளரிக்கா விக்கிறவுக ஏறி எறங்கி அம்புட்டு சத்தம், ஒரு அசைவு இல்லை. அவரும் அசையலை பாருங்க. அதான் அந்த வெறைப்பு. கொசு கடிச்சாக் கூடச் சொரிய மாட்டாரு போல. அந்த மட்டுக்கும் பரவாயில்லை.

கணவாய் தாண்டியாச்சா? அய்யய்யோ, அப்ப ஆண்டிபட்டி வந்துரும். எறங்கணும்னா இவளை எழுப்பணுமே. எம்புட்டு நாளைக்கப்புறம் தூங்குது. பஸ்ஸுதான் தேனி வரைக்கும் போகுதுல்ல. பேசாம தேனி போயி, அவளா முழிச்சபெறகு திரும்பி வந்தா என்ன கெட்டுப்போச்சு? அதை அவருக்குச் சொல்லணுமே.

தோளை அசைக்காம, கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பி என்னையப் பார்க்கிறாரு, கவனிச்சீகளா? அவருக்கும் என்னமோ சொல்லணும். சொல்லிவிடத்தான் ஆளு இல்லை. ஆளு தூங்குது.

அண்ணே, ஒரு எட்டு போயி நீங்க சொல்றீகளா? நீலச் சட்டை, பேரு தவமணி. "எழுப்ப வேணாம், தேனிக்குப் போயிருவோம்னு பின்னாடி ஒருத்தர் சொல்றாரு"ன்னு சொன்னாப் போதும். ஏன் சிரிக்கிறீக? டாக்டரம்மா புள்ளை மூலமாப் போகக் கூடாதுன்னுதான் சொன்னாக, உங்க மூலமாப் போகக் கூடாதுன்னு சொல்லலையே. நானே போயிச் சொல்லணுமா? நல்லா இருக்கே. அப்பக் கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுவோமா? அந்தாளு டிக்கெட்டு விசயத்துல இன்னும் கோவமா இருக்காரு.

அந்தா, ஊரு லைட்டு தெரியுது. கையைத் தூக்குறாரு பாருங்க, அவ கன்னத்தைத் தட்டப் போறாரு. இங்கன இருந்து கத்துனா முழிச்சுக்குவா. விடுங்கண்ணே, காலை ஒதுக்குங்க, காலை ஒதுக்குங்க.

மாப்ள.

மாப்ள, நான்தான். திரும்பாதீக, தலை சரிஞ்சுரும். எழுப்பாதீக, தூங்கட்டும். தேனி வரைக்கும் போயிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துருவோம். தோளு வலிக்குதா? கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க. டிக்கெட்டு நான் எடுக்குறேன். சரி சரி, மெதுவாப் பேசுங்க, நீங்களே எடுங்க. எனக்கும் சேர்த்தே எடுங்க. மூணு போதும் மாப்ள. புள்ளைக்கு ஒண்ணுதான்.